மரத்த காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

நாகர்கோவிலில் ஏறிய பாசஞ்சர் ரயில் எழுபது கிலோமீட்டர் கடந்து திருவனந்தபுரத்தில் என்னை இறக்கிவிட்டபோது மாலை நாலு மணி. வேண்டுமென்றே மாலையில் வந்தேன். நாள் முழுக்கத் தொங்கவிட்டு வீங்கிய காலை வைத்துத்தான் பூட்ஸ் வாங்க வேண்டும். காலையில் வாங்கினால் சாயங்காலம் இறுக்கும். இறுக்கினால் எனக்குத் தெரியாது. அதுதான் பிரச்சினை.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரி, ஓட்டல், தேங்காய் மண்டி என்று கிடைத்த வேலை செய்து, கையில் கொஞ்சம் சேர்ந்தால் ஏதாவதொரு மலைக்குப் போய்விடுவேன். எல்லாம் ரப்பர்ச் செருப்பில். போன மாதம் டாக்டர் ஒருவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இடது பாதத்தில் பத்து இடங்களில் நைலான் இழையால் தொட்டார். மூன்று இடத்தில்தான் தெரிந்தது. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்றார். நடப்பதானால் காலை முழுக்க மூடும் நல்ல தோல் பூட்ஸ் வேண்டும், இல்லையென்றால் நடக்கவே வேண்டாம் என்றார்.

என்னோடு லாரியில் ஓடிய முருகேசனுக்கும் இதே வியாதி. ஒருநாள் செருப்புக்குள் ஜல்லிக்கல் ஒன்று மாட்டியது. இரவு படுக்கப் போகும்வரை அவனுக்குத் தெரியவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. அந்த வரிசை எனக்கு மனப்பாடம்.

ஸ்டேஷனிலிருந்து ஆரியசாலைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும். மொத்த வியாபாரச் சந்துக்குள் ஒரு தோல் சாமான் கடை. முதலாளி தாணுப்பிள்ளை, பூர்வீகம் நாஞ்சில் நாடு. ஒரு பூட்ஸை மாட்டிவிட்டு, "கடிக்குதா?" என்றார். இல்லை என்றேன். அதைவிடச் சின்னதை மாட்டினார். "இது?" அதுவும் இல்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி பூட்ஸ் நுனியில் கட்டைவிரலை வைத்தார்.

"இப்ப அமுத்துதேன். தெரியுதா?"

"தெரியுது."

"நான் இன்னும் அமுத்தவே இல்லையே, வேய்!"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை சிரிக்கவில்லை. ஓர் அட்டையைத் தரையில் போட்டு, அதன்மேல் என்னை நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வெட்டி எடுத்தார். வெட்டிய அட்டையை ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் விட்டுப் பார்த்தார். ஓரம் மடங்கினால் அந்த ஜோடி வேண்டாம். ஆறாவது ஜோடியில் அட்டை மடங்காமல் படுத்தது. "காலு பொய் சொல்லும். அட்டை சொல்லாதாக்கும்" என்றார்.

இரண்டாயிரத்து அறுநூறு என்றவர் நூறு குறைத்தார். வெள்ளைப் பருத்திக் காலுறை மூன்று ஜோடி நூற்றைம்பது. வெள்ளை எதற்கு என்று கேட்டேன். "ரத்தம் வந்தா வேற எதுல தெரியும்?" என்றார். நனைந்தால் வெயிலிலும் அடுப்போரத்திலும் வைக்கக் கூடாது. பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காய வைக்க வேண்டும். காய்ந்த பிறகு மெழுகு பாலிஷ். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார்.

கிழக்கேகோட்டையில் நாளொன்றுக்கு நானூறு ரூபாய் அறை. முதல் நாள் அறைக்குள்ளேயே ஒரு மணி நேரம் நடந்தேன். இரண்டாம் நாள் கோயில் குளத்தைச் சுற்றி. நாலாம் நாள் மூன்று மணி நேரம். அரைமணிக்கு ஒருமுறை உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, முப்பது ரூபாய் முகக்கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒருவர், "எந்தா அண்ணா, காலுக்கு மேக்கப்பா?" என்றார். கல்யாணத்துக்குப் போகிறது என்றேன். சிரித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு முறை காலுறையை உருவும்போதும் முருகேசனின் வரிசை ஓடும். ஏழு நாளும் காலுறை வெள்ளையாகவே வந்தது. பூட்ஸின் தோல் இளகி, கணுக்காலில் மடியத் தொடங்கியிருந்தது.

எட்டாம் நாள் காலை பொன்முடி மலைக்குப் பஸ். கல்லாறு வரை டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். அங்கிருந்து இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றை நடந்தே ஏற முடிந்தால் இன்னும் சில வருடம் நான் நடப்பவன்தான். முடியாவிட்டால் ஏதாவது கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி தேட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். காட்சி பார்க்க அல்ல.

சோதனைச் சாவடிக் காவலர் கையை நீட்டித் தடுத்தார். "ஒற்றைக்குப் போகண்டா. ஆனை உண்டு."

பக்கத்தில் துணிப்பையோடு நின்ற அம்மாள், "எங்கூட வரட்டும் சாரே" என்றார். பெயர் பேச்சியம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். இவர் பிறந்ததே மேலே தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில். மருந்து வாங்கக் கீழே வந்திருந்தார். நான் வந்த பஸ்ஸைத் தவறவிட்டாராம்; அடுத்தது மூன்று மணிக்குத்தான், காத்திருப்பதற்கு நடந்தே போய்விடலாம் என்றார்.

ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்கினோம். மூன்றாவது வளைவில் மழை பிடித்தது. என் முகக்கண்ணாடி ஈரத்தில் மங்கி ஒன்றுக்கும் உதவாமல் போனது. நாலாவது வளைவில் அம்மாள் நின்றார்.

"நில்லுங்க தம்பி. கால நோக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரிந்தது இவருக்கு? ஆனால் அவர் குனிந்து தன் காலைத்தான் பார்த்தார். மழைக்காலத்தில் இங்கே எல்லாரும் வளைவுக்கு வளைவு நின்று கால் பார்ப்பார்களாம். கொழுந்து எடுக்கும்போது ஒருவர் காலை இன்னொருவர் பார்ப்பார்களாம். ரத்தம் குடிக்கும் அட்டை.

நானும் குனிந்தேன். இடது காலுறையின் மேல்பக்கம் சிவப்பு. நாடாவை அவிழ்க்க விரல் வரவில்லை. அம்மாள் காலுறையை இறக்கினார். உள்ளே கொழுத்த அட்டை. துணியில் முடிந்த உப்பைத் தொட்டு வைத்ததும் சுருண்டு விழுந்தது.

"தெரியவே இல்லை அக்கா" என்றேன்.

"அட்டை கடிச்சா யாருக்குத்தான் தெரியும்? சூப்பர்வைசரையும் கடிக்கும், அவருக்கும் தெரியாது. அதொண்ணுதான் எங்களுக்குச் சந்தோஷம், கேட்டோ."

பல வாரங்களுக்குப் பிறகு அங்கேதான் சிரித்தேன். இந்த ரோட்டில் எல்லார் காலும் என் கால் மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பயம் விட்டுப்போனது. அப்படி விட்டது பெரிய பிழை. ஒன்பதாவது வளைவில் பூட்ஸின் சுண்டுவிரல் ஓரத் தையலில் மறுபடி சிவப்பு தெரிந்தபோது, ஈர நாடாவை அவிழ்க்கச் சோம்பி, "அட்டைதான் அக்கா, போவோம்" என்றேன். பதினொன்றாவதிலும் அதையே சொன்னேன்.

பதினைந்தாவது வளைவில் ரோட்டோரம் ஆனை லத்தி கிடந்தது. சூட்டின் ஆவி இன்னும் அடங்கவில்லை. அம்மாள் காட்டைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"அந்த பூட்ஸைக் கழத்துங்க."

"அட்டைதான்…"

"அட்டை கடிச்ச ரத்தம் தண்ணியா ஓடும். இது ஒரே எடத்துல நிக்குது. கழத்துங்க."

மைல்கல்லில் உட்காரவைத்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நனைந்த காலுறை உள்ளே மடிந்து, சுண்டுவிரல் ஓரத்தில் தோலை ஒரு ரூபாய் வட்டத்துக்கு உரித்திருந்தது. அவர் புண்ணுக்குப் பக்கத்தில் விரல் வைத்ததைக் கண்ணால் பார்த்தேன். காலுக்குத் தெரியவில்லை.

"வலிக்கலியா?"

அப்போதுதான் சொன்னேன், சர்க்கரையையும் டாக்டரையும் முருகேசனையும்.

"இதக் கீழேயே சொல்லியிருந்தா வளைவுக்கு வளைவு நானே கழத்தி நோக்கியிருப்பேன் அல்லே? காலு மரத்துச்சு சரி. நாக்குமா மரத்துப்போச்சு?"

நல்ல தண்ணீரில் கழுவி, தன் முண்டுத் துணியின் உலர்ந்த ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். இறங்கும் பஸ் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. என் கால் அவர் பையின்மேல் இருந்தது. காட்டுக்குள் இரண்டு தரம் ஏதோ முறிந்தது. வீட்டுக்குப் போங்கள் என்றேன், போகவில்லை. பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, "காலு வய்யாத்த ஆளாக்கும் சாரே, நடக்க முடியாது, ஒரு சீட் கொடுக்கணே" என்று கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு மேலே நடந்தார்.

நகரத்து மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்த டாக்டர், ஆழமில்லை என்றார். பன்னிரண்டு நாள் அறையில் கிடந்தேன். பூட்ஸுக்குள் பேப்பர் மாற்றினேன், பூத்த பூஞ்சையைத் துடைத்தேன், பாலிஷ் போட்டேன். தினமும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் காயக்கட்டைப் பிரிக்கும்போது சுவரைப் பார்த்துக்கொள்வேன். பன்னிரண்டாம் நாள் நர்ஸ், "நோக்கிக்கோ" என்றார். இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொன்முடி உச்சி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குப் பதினைந்தாவது வளைவு வரை சொல்லலாம். அதற்கு மேல் போவேனா என்பது இந்தப் பாதத்தைப் பொறுத்தது. அதைப் பார்த்துக்கொள்ள என் இரண்டு கண் போதாது என்று தெரிந்துவிட்டது.

நெய்யாற்றின்கரை தாண்டியதும் பூட்ஸைக் கழற்றினேன். எதிரே குழித்துறைக்குப் போகும் ஒரு பெரியவர், மடியில் பலாப்பழம்.

"அண்ணாச்சி, எனக்கு இந்தக் காலில் உணர்ச்சி கிடையாது. அடியில் புண் ஏதும் இருக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

அவர் என்னைப் பார்த்தார். பலாப்பழத்தைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"புண்ணு ஒண்ணும் இல்ல. நகத்த வெட்டும் ஓய்."