இறக்கத்தில் ஆடிய டிரெய்லர்

நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை. அம்பத்தூர் வீட்டில் சமையலை முடித்துவிட்டு, காட்டுப்பாக்கத்தில் ஒரு மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். என் ஓரகத்திக்கு வளைகாப்பு. நான் கேட்டரிங் செய்கிறவள் என்பதால் சாப்பாடு என் பொறுப்பு.

என்னிடம் இருப்பது பழைய ஸ்டேஷன் வேகன், பின்பக்கம் நீண்ட கார். கொழுந்தன் அப்போதுதான் புது எஸ்யூவி எடுத்திருந்தான். "இன்னா அண்ணி, இன்னும் இந்த நீட்டு வண்டியவே ஓட்டிகினு கீறீங்க?" என்று அன்றும் ஆரம்பித்தான். ஆனால் ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவியால் அந்த உயரத்துக்கு ஏற முடியவில்லை. என் வண்டியில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி!

என் காரின் பின்னால் மாட்டிய சின்ன டிரெய்லரில் அண்டாக்களை ஏற்றியது கொழுந்தன்தான். பந்தியில் இனிப்புதான் முதலில் வைக்க வேண்டும் என்று சர்க்கரைப் பொங்கலைப் பின்கதவோரம் வைத்தான். இறக்க வசதியாக இருக்கட்டும் என்று மற்ற அண்டாக்களையும் பின்னுக்கே தள்ளிவிட்டான். முன்னால் இருந்தது வாழை இலைக் கட்டும் ஜமுக்காளமும்தான். நான் அப்போது உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தேன்.

பைபாஸ் மேம்பாலத்தில் இறங்கும்போது டிரெய்லர் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. பின்பாரம் அதிகமானால் அப்படித்தான் ஆடும், காரையே இழுத்துக் கவிழ்த்துவிடும். பக்கத்தில் ஒரு லாரி. ஓரகத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு "அக்கா!" என்று அலறினாள். பிரேக்கை அழுத்தினால் கதை முடிந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்தேன். பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் தாழ்வான, நீளமான என் வண்டி ரோட்டை விடவில்லை. ஆட்டம் மெல்ல அடங்கியது.

ஓரமாக நிறுத்தினேன். பின்னாலேயே வந்த கொழுந்தன் இறங்கி ஓடி வந்தான். மனைவியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"உசுரே பூட்ச்சி அண்ணி. என் வண்டில மாட்டிகினு வந்திருந்தா இந்நேரம் கவுந்திருக்கும்."

"அழுவாத நைனா. மொதல்ல அண்டாவ முன்னால தள்ளு."

சர்க்கரைப் பொங்கல் டிரெய்லரின் முன்மூலைக்குப் போனது. அதனால் மண்டபத்தில் கடைசியாகத்தான் இறங்கியது. முதல் பந்தியில் புளியோதரையை முதலில் பார்த்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஓரகத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஊர் என்ன கிண்டல் செய்தாலும் எனக்குத் தெரிந்ததை நம்பி ஓட்டலாம் என்ற தைரியம், இரண்டு உயிர்களைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் நான் சம்பாதித்தது.