செவ்வந்திக்குச் சோறு இல்லை

கோப்பாயில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் மாடு என்றால் ஒன்றுதான்: உதயகலாவின் செவ்வந்தி. ஆகவே அமாவாசை வந்தாலும் திவசம் வந்தாலும், செத்தவர்களுக்குப் படைத்த சோற்றில் ஒரு பங்கு வாழையிலையோடு அவள் வீட்டு வாசல் படலைக்குத்தான் போகும். காகத்துக்கு ஒரு பிடி, செவ்வந்திக்கு ஒரு பிடி. அந்தப் பிடி எவ்வளவு பெரியது என்று ஒருவரும் பார்த்ததில்லை. பாயாசமும் வடையும் வேறு.

உதயகலா தையல்காரி. தாய் சாகும் முன் கயிற்றோடு அவள் கையில் கொடுத்த கன்றுதான் செவ்வந்தி. வெயில் காலத்தில் அதன் மேல் தண்ணீர் ஊற்றி, காதோடு ஏதாவது கதைத்துக்கொண்டே நிற்பாள். ஆனால் ஒரு கன்று போட்ட பிறகு அதற்குச் சினையே நிற்கவில்லை. சினை ஊசி போட்டுப் போட்டு அலுத்துப்போன புருஷன் சுதாகரன், "இனியும் நிக்காட்டி வியாபாரியைக் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டான். வியாபாரி எங்கே கொண்டுபோவான் என்று ஊருக்கே தெரியும். உதயகலா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாட்டு வைத்தியர் நிவேதனா வந்து செவ்வந்தியின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, என்ன தீன் குடுக்கிறியள்?"

"வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு. பிறகு சனம் கொண்டுவாற சோறு."

"உந்தச் சோறுதான் வில்லங்கம். வயிறு புளிச்சு, மேலெல்லாம் கொழுப்பு. கரு தங்காது. சோத்தை நிப்பாட்டிப் புல்லும் இலை குழையும் குடுங்கோ. பிறகு ஊசி போடுவம்."

சொல்வது லேசு. செத்தவர்களின் சோற்றை எப்படித் திருப்பி அனுப்புவது?

முதலில் அகப்பட்டவன் நான். பெயர் இராசநாயகம், பஸ் ஓட்டி ஓய்ந்தவன், கோபம் மூக்கு நுனியில். அன்று என் மனைவி ஞானாம்பிகையின் திவசம். இலையும் கையுமாகப் படலையில் நின்றேன். உதயகலா கண் கலங்கி வழியை மறித்தாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இனிச் சோறு குடுக்கேலாது. குழை எண்டால் ஒரு பிடி குடுங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? என்ரை மனுசி பசியோடை போறதே?"

"அக்கா கோவிக்கமாட்டா. இந்தமுறை சினை நிக்காட்டிச் செவ்வந்தியைக் கொண்டுபோயிடுவாங்கள், அண்ணை."

முணுமுணுத்தபடி திரும்பிவந்து முழுச் சோற்றையும் காகத்துக்கே போட்டேன். பிறகு அவளோடு கதை பேச்சு இல்லை. ஆனால் வேலியில் நிற்கும் கிளிசரியா மரங்களை வெட்டும்போதெல்லாம் குழையை அவள் வளவுக்குள் எறிவேன். ரோசம் மனுஷரோடுதானே, வாயில்லாச் சீவனோடு என்ன?

அவளுடைய தாயின் திவசமும் வந்தது. அதற்கும் அவள் செவ்வந்திக்கு அகத்திக்கீரைதான் வைத்தாள். அதை ஒழுங்கையே பார்த்தது. எல்லோரும் அகத்திக்கீரையோடு போகத் தொடங்கினார்கள்.

ஒரு விடியற்காலை செவ்வந்தி பருவத்துக்கு வந்து விடாமல் கத்தியது. நிவேதனா வந்து ஊசி போட்டார். பின்னொரு நாள் சோதித்துவிட்டுச் சிரித்தார்.

"ஓம் அக்கா, நிண்டிட்டுது!"

உதயகலா செவ்வந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சுதாகரன் தன் ஓட்டோவின் சில்லைக் குனிந்து பார்ப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டான்.

செவ்வந்தி கன்று போட்டது. ஞானாம்பிகையின் அடுத்த திவசத்தன்று நான் அடுப்படியில் கறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் உதயகலா, கையில் செம்பு.

"முதற்பால் பிள்ளையாருக்குக் குடுத்தாச்சு, அண்ணை. இது அக்காவின்ரை படையலுக்கு. பால் தேத்தண்ணி எண்டால் அவவுக்கு உயிரெல்லே."

ஞானாம்பிகை போன நாளிலிருந்து எனக்கு வெறுந்தேத்தண்ணிதான். அன்றைக்கு அவள் படத்துக்கு முன்னால் இருந்து, இரண்டு பேருக்கும் பால் விட்டுத் தேத்தண்ணி ஆற்றினேன்.