சோப்புத்தூளில் கழுவிய புறாக்கள்

1. மூன்றாவது விதைப்பு

2005 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அல் ஐனுக்கு வெளியே ஒரு பண்ணையில் நான் பிக்கப்பை விட்டு இறங்கியபோது, சூப்பர்வைசர் தனபால் தீவன பார்லியை விதைத்து முடித்திருந்தார். அந்த வயலில் அது அவருடைய மூன்றாவது விதைப்பு. முதல் இரண்டையும் புறாக்கள் தின்றுவிட்டன.

நான் ஷார்ஜாவில் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனியில் சீனியர் டெக்னீஷியன். அதுவரை என் எதிரிகள் கரப்பான், எலி, கரையான். பறக்கிற எதிரி அதுதான் முதல் தடவை.

தனபாலுக்குச் சேலம் பக்கம் ஆத்தூர். தேநீர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், இதுவும் போச்சுன்னா அர்பாப் எனக்கு டிக்கெட் எடுத்துருவாருங்க. லீவு டிக்கெட் இல்ல, ஒன்வே."

அர்பாப் என்றால் பண்ணை முதலாளி.

"எத்தனை நாள் காப்பாத்தணும்?"

"பத்து நாள். வேர் புடிச்சுட்டா அப்புறம் புறா என்னங்க, புறாவோட பாட்டனே வந்தாலும் புடுங்க முடியாது. அடுத்த வாரம் செவ்வாக்கெழமை அர்பாப் பாக்க வர்றாரு."

அவர் சும்மா இருந்தவர் அல்ல. நேரத்துக்கு நேரம் பீரங்கி போல வெடிக்கிற கேஸ் கருவி ஒன்றை வைத்திருந்தார். மூன்றாம் நாளே புறாக்கள் அதன் குழாய்மேல் உட்கார்ந்தன. கவரால் என்கிற பழைய முழு வேலை உடுப்பில் வைக்கோல் அடைத்துச் சோளக்கொல்லை பொம்மையும் நிறுத்தியிருந்தார். அதற்குத் தண்ணீர் டேங்கர் டிரைவர் ஒருவர் சலாம் சொன்னதுதான் கண்ட பலன்.

2. பெட்டியில் வந்தவை

எங்கள் கம்பெனி ஸ்டோரில் ஒரு மூலையில் நெடுநாளாகக் கிடந்த அட்டைப்பெட்டியை நான் கொண்டுபோயிருந்தேன். உள்ளே இருபத்து நான்கு பிளாஸ்டிக் புறாக்கள். இங்கிலாந்துச் சரக்கு. அங்கே கோதுமை வயல்களில் மேயும் பெரிய காட்டுப்புறாவின் அச்சு. கழுத்தில் வெள்ளைப் பட்டை இருக்கும். கூடவே ஒரு கையேடு. அதை வழியிலேயே இருமுறை படித்திருந்தேன்.

வேலை இதுதான். பொம்மைகளைக் குதிரை லாடம் போல வளைத்து வைக்க வேண்டும். நடுவே வெற்றிடம். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் லாடத்தின் வாய். புறா எப்போதும் எதிர்க்காற்றில்தான் இறங்கும். மேலே போகும் கூட்டம், 'நம்மாட்கள் மேய்கிறார்கள்' என்று நம்பி அந்த வெற்றிடத்தில் இறங்க வரும். பக்கத்தில் மறைப்புக்குள் துப்பாக்கி காத்திருக்கும். நோக்கம் எல்லாப் புறாவையும் கொல்வதல்ல; 'இந்த வயல் ஆகாது' என்று கூட்டத்துக்குப் புரியவைப்பது.

துப்பாக்கியை நாங்கள் தொடக்கூடாது. லைசென்ஸ் உள்ளவர் அர்பாபின் பெரியப்பா. எல்லோரும் அபு காலித் என்று அழைத்தார்கள். அறுபதைத் தாண்டியவர். மடக்கு நாற்காலி, காவா என்கிற அரபுக் காப்பி நிறைந்த பிளாஸ்க், டபுள் பேரல் துப்பாக்கி ஆகிய மூன்றுடன் வருவார். அரபியும் இந்தியும் கலந்து பேசுவார்.

ஞாயிறு காலை, பேரீச்ச மட்டைகளும் வலையும் வைத்துக் கட்டிய மறைப்பில் மூவரும் உட்கார்ந்தோம். ஏழு மணிக்கு முதல் கூட்டம் வந்தது. ஒரு சுற்று சுற்றி, இறக்கையை விரித்து, யாரோ பாய் போட்டு அழைத்த மாதிரி லாடத்துக்குள் இறங்கியது. அபு காலித் ஒவ்வொரு முறையும் "பிஸ்மில்லா" சொல்லிச் சுட்டார். பத்து மணிக்குள் முப்பத்தொன்று.

"கபூதர் தானா வந்து விழுந்தா நான் என்ன செய்ய?" என்கிற பொருளில் ஏதோ சொல்லிக் காவா ஊற்றிக் கொடுத்தார். கபூதர் என்றால் புறா. அன்று மதியம் ரூமில் புறா மிளகு வறுவல்.

மாலையில் பொம்மைகளைப் பார்த்தேன். ஸ்டோர் தூசி, வயல் சேறு. ஒரு பொருளை அழுக்காக எடுத்து வைக்க என்னால் முடியாது. வாளியில் சோப்புத்தூள் கரைத்து இருபத்து நான்கையும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். டைரியிலும் எழுதினேன்.

3. வராத விருந்தாளிகள்

திங்கள்: கூட்டம் வந்தது, லாடத்துக்கு மேலே வந்ததும் பதறி விலகியது. வயலின் கிழக்குக் கோடியில், துப்பாக்கிக்கு எட்டாத இடத்தில், இறங்கிச் சாவகாசமாகத் தின்றது. சுட்டது இரண்டு.

"முப்பத்தொண்ணு செத்ததுல பயந்துட்டுச்சோ?" என்றார் தனபால்.

கழுத்துப் பட்டைதான் காரணம் என்றேன். உள்ளூர்ப் புறாவுக்கு அது கிடையாதே. அன்று மாலை இருபத்து நான்கு கழுத்துகளுக்கும் சாம்பல் பெயின்ட் அடித்தேன். அடிக்கும் முன் சுத்தமாகக் கழுவினேன்; காய்ந்தபின் இன்னொருமுறை.

செவ்வாய்: ஒன்றுமில்லை.

புதன்: மறைப்பை இடம் மாற்றினோம். லாடத்தை அகலமாக்கினோம். கழுவிய பொம்மைகள் வெயிலில் பளிச்சென்று இருந்தன. வானத்தில் வந்த புறாக்கள் வளைந்து கிழக்கே போயின. அங்கே வாழை இலை அளவில் தொடங்கிய வெறும் தரை, இப்போது வாலிபால் கோர்ட் அளவு ஆகியிருந்தது.

அபு காலித் நாற்காலியை மடித்தார். "கபூதர் மாஃபி. நாளைக்கு ஒரு நாள். அப்புறம் கலாஸ்." மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது.

தனபால் ரூமுக்குப் போனார். தன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினார். அதைப் பார்ப்பதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

4. தூசி

புதன் பிற்பகல் புழுதிக்காற்று கிளம்பியது. மூன்று மணிக்கு எதிர்ச்சுவர் தெரியவில்லை. பொம்மைகளை எடுக்க ஓடிய என்னைத் தனபால் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிளாஸ்டிக்குங்க சார், செத்துப் போகாது. உள்ள வாங்க."

வியாழன் விடியற்காலை காற்று அடங்கியிருந்தது. பொம்மைகள் மாவில் புரட்டி எடுத்த வாழைக்காய் போலக் கிடந்தன. நான் வாளியோடு கிளம்பினேன். அதற்குள் அபு காலித் வந்துவிட்டார்.

"வாளி எதுக்கு? யல்லா, உட்காரு."

"பத்து நிமிஷம், பாபா. கழுவிட்டு..."

"கபூதர் சாபூன் போட்டுக் குளிக்குதா?"

சாபூன் என்றால் சோப்பு என்று எனக்குத் தெரியும். அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

ஆறு ஐம்பதுக்குக் கூட்டம் வந்தது. ஒரு சுற்று. இறக்கை விரிந்தது. நேராக லாடத்துக்குள்.

ஒன்பதரைக்குள் நாற்பத்து நான்கு. நடுவில் தனபால் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர் கையை எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ரூமுக்கு வந்து டைரியைப் புரட்டினேன். என் அழகான கையெழுத்தில் எல்லாம் இருந்தது. ஞாயிறு, முப்பத்தொன்று, மாலை, பொம்மைகள் சோப்புத்தூளில் கழுவப்பட்டன. திங்கள், இரண்டு, மாலை, கழுவப்பட்டன. செவ்வாய், சுழியம், மாலை, கழுவப்பட்டன. நாள் தவறாமல் எழுதியவன் ஒருநாள்கூட முந்தின பக்கத்தைப் படிக்கவில்லை.

சனிக்கிழமை நான்கு பொம்மைகளை மட்டும் கழுவி ஒரு ஓரத்தில் வைத்துச் சோதிக்கலாமா என்று கேட்டேன்.

"சோதனையெல்லாம் உங்க ஷார்ஜா கேம்ப்ல வெச்சுக்குங்க சார்," என்றார் தனபால். "இது என் விசா."

ஆனாலும் தின்ன ஒன்றும் மிஞ்சாத அந்த வெறும் தரையில் வைத்துக்கொள்ள அனுமதித்தார். வழக்கமாக அங்கே இறங்கும் கூட்டம், அந்த நான்கைக் கண்டதும் நெருப்பைக் கண்டது போல விலகியது. புறாவின் கண்ணுக்கு நமக்குத் தெரியாத ஒளியும் தெரியும், சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் அதற்கு விநோதமாகத் தெரியக்கூடும் என்று பின்னால் ஒரு பத்திரிகையில் படித்தேன். தனபாலின் விளக்கம் சுருக்கமானது: "நம்மூர்ல மேயறவன் இஸ்திரி போட்டுட்டு வந்தா எவன் நம்புவான்?"

5. செவ்வாய்க்கிழமை

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புறாக்கூட்டம் வருவதையே நிறுத்திவிட்டது. அர்பாப் சொன்னபடி வந்தார். வண்டியிலிருந்து இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். கிழக்குக் கோடியில் அந்த வாலிபால் கோர்ட்டைத் தவிர வயல் முழுக்க விரல் உயரத்துக்குப் பச்சை.

"அங்கே ஏன் மொட்டை?" என்றார்.

தனபால் என்னைப் பார்த்தார். நான் என் டைரியைப் பார்த்தேன்.

"அது சாம்பிள், அர்பாப்," என்றார் தனபால். "மருந்து வைக்கலைன்னா எப்படி இருக்கும்னு காட்டறதுக்கு."

அர்பாப் தலையாட்டி, அடுத்த வயலை எப்போது விதைப்பாய் என்று கேட்டுவிட்டுப் போனார். தனபாலின் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு உண்டு. தினமும் எழுதுங்கள். புதுப் பக்கம் எழுதும் முன் பழைய பக்கத்தைப் படியுங்கள். மூன்றாவதை அந்த அட்டைப்பெட்டி மூடியின்மேல் மார்க்கரில் எழுதி வைத்துவிட்டு வந்தேன், தமிழிலும் இந்தியிலும்: கழுவாதே.