சாம்பாருக்கும் சட்னிக்கும் நடுவே ஒரு டேப்லெட்

அமெரிக்காவில், சான்டா கிளாராவில் நான் போகும் இட்லிக் கடையில், சனிக்கிழமைகளில் அவர் என் எதிரே வந்து உட்காருவார். பெயர் கேட்டதில்லை. வாராவாரம் சட்டை மாறும். இடுப்பில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டை மட்டும் விடுமுறையிலும் இறங்காது.

அந்தக் கம்பெனியின் டேப்லெட் வியூகத்தை எனக்கு விளக்குவதை அவர் ஒரு கடமையாகவே வைத்திருந்தார். சாம்பார் கிண்ணம் லேப்டாப், சட்னிக் கிண்ணம் போன், நடுவில் இருக்கும் வடை டேப்லெட். டேப்லெட் நன்றாக விற்றால், "நாங்க பின்னிட்டோம் சார்!" என்பார். விற்காவிட்டால், "அவங்களுக்கு விஷனே இல்ல சார். மேல இருக்கறதெல்லாம் டம்மி பீஸ்" என்பார். எப்படி முடிந்தாலும் கடைசியில் டேப்லெட்டைத் தின்றுவிடுவார்.

"நீங்க டேப்லெட் டீமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல சார், பிரின்டர்."

போன மாதம் வந்தபோது இடுப்பில் அட்டை இல்லை.

"லே-ஆஃப் சார். அறுபது நாளைக்குள்ள வேற வேலை கிடைக்கலன்னா விசா போயிடும்."

இன்று கம்பெனியின் மானம் கப்பலேறப் போகிறது என்று ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்போ டேப்லெட் கதி?" என்று கிளறினேன்.

வடையை எடுத்து நடுவில் வைத்தார். "நாங்கதான் சார் சொதப்பிட்டோம். லேட்டா இறங்கினோம். ஆனா அடுத்த வெர்ஷன்ல பிடிச்சிடுவோம், பாருங்க."

சம்பளம் கொடுத்த வரை, தோற்றால் 'அவங்க'ளாக இருந்தவர்கள், கழுத்தைப் பிடித்துத் தள்ளியதும் எப்படி 'நாங்க' ஆனார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அன்று அவர் வடையைத் தொடாமலே எழுந்து போனார்.