பேட்டரி இறங்கிய கல்யாணப் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் ஒரு நிகழ்ச்சி வரும். ஓவியம் வரைகிறவர், வீணை வாசிக்கிறவர், நாடகம் போடுகிறவர் என்று வாரத்துக்கு ஒருவரை அவர் வீட்டுக்கே போய்ப் படம் பிடித்துக் காட்டுவார்கள். எல்லோரும் கன்னடத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். நடுநடுவே ஜன்னலைப் பார்ப்பார்கள். எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் அதை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்த ஒரே ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். கல்யாணத்துக்குத் தங்கப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டு, சாவுக்கு வெள்ளைக் கோட்டு. கிளாரினெட் மட்டும் ஒன்றுதான். நிகழ்ச்சி முடிந்ததும் அவரும் ஜன்னலைப் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். அங்கே தெரிவது பக்கத்து வீட்டுக் கக்கூஸ் சுவர்தான் என்று நான் நினைவூட்டுவேன்.

ஒருநாள் அந்த நிகழ்ச்சியை எடுக்கும் பெண்மணியின் கார் காக்ஸ் டவுனில் ஒரு சவ ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அரைமணி நேரம் வேறு வழியில்லாமல் மாமாவின் வாசிப்பைக் கேட்டவர், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மாமாவுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சாவு என்ற பேச்சே வரக்கூடாது, கல்யாண வாசிப்பு மட்டும்தான். அடுத்த மாதம் எதிர்வீட்டு கவுடர் மகளின் கல்யாணத்துக்கு மாமாவின் செட்டைத்தான் சொல்லியிருந்தார்கள். அது நன்றாக நடந்தால் பெரிய மண்டபங்களில் நாலு பேர் கூப்பிடுவார்கள். மாமா சாவுக்கும் போகிறவர் என்பது தெருவுக்கே தெரியுமே என்று நான் கேட்டதற்கு, தெரிவது வேறு, டி.வி.யில் வருவது வேறு என்றார்.

என்னிடம் அப்போது ஒரு ரகசியம் இருந்தது. மாமாவின் கல்யாண வாசிப்பைப் பதிவு செய்த கேசட் ஒன்று வீட்டில் கிடந்தது. ஒருநாள் அதைப் போட்டேன். டேப்ரெக்கார்டரில் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு இழுக்க ஆரம்பித்து, இழுத்து இழுத்து, கடைசியில் யாரோ செத்துப்போனார்கள். மணப்பெண்ணை மேடைக்கு அழைத்து வரும் மெட்டும், பிணத்தைத் தூக்கும்போது வாசிக்கும் மெட்டும் ஒன்றே! நம் மாமா இவ்வளவு சோம்பேறியா என்று ஆச்சரியமாக இருந்தது. நல்ல சமயத்தில் மிரட்ட உதவும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

படம் பிடிக்க வந்தவர்கள் மாமாவுக்குச் சிவப்புக் கோட்டு மாட்டிச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். அவர் தலைக்கு மேலே என் பெற்றோரின் கல்யாண போட்டோ. அப்பா விறைப்பாக நிற்கிறார். அம்மா முகத்தைப் பாதி மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். ஓரத்தில் மீசை முளைக்காத மாமா கன்னம் உப்ப வாசிக்கிறார். அப்பாவின் முகத்தை அம்மா அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள், அதனால்தான் அழுகை என்பது என் பழைய ஜோக். அதை டி.வி. ஆட்களுக்கும் சொன்னேன். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியைக் காட்டினாள்.

மாமா மணப்பெண் மெட்டை ஜோராக வாசித்தார். அந்த அம்மா பாராட்டிவிட்டு, ஊர்வலத்தில் தான் கேட்டது இதுவல்லவே என்றார். மாமா கூரையைப் பார்த்தார். அதை வாசித்தது வேறு ஆளாக இருக்கும் என்றார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மேடம், ரெண்டும் ஒண்ணுதான். வேகமா ஊதுனா கல்யாணம், மெதுவா ஊதுனா சாவு."

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் மாமாவைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாக வாசியுங்களேன் என்று கெஞ்சும் குரலில் கேட்டார். மாமா வெகுநேரம் கிளாரினெட்டைத் துடைத்தார். பிறகு வாசித்தார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. இரண்டில் எது முதலில் வந்தது என்று அந்த அம்மா கேட்டபோது, அதுவரை கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த மாமா தன்னையறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார்.

"மொதல்ல இது கல்யாணப் பாட்டுதாங்க. எங்கக்கா கல்யாணத்துல வாசிக்கணும்னு எங்கப்பா ஆள் வெச்சி கத்துக்குடுத்தாரு. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கறப்ப கோலாரு மைன்ஸ்ல அவரு போயிட்டாரு. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். மெதுவா ஊதினேன். அடுத்த வருசம் அக்கா கல்யாணம் நடந்துச்சி. அப்ப வேகமா ஊதினேன்."

நிகழ்ச்சி வந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. நாற்காலியில் கவுடர். டி.வி.யில் மாமா சிவப்புக் கோட்டோடு மணப்பெண்ணை அழைத்தார். அதே கோட்டோடு பிணத்தையும் தூக்கினார். கவுடர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சாயங்காலம் அவர் மகன் வந்து, கல்யாணத்துக்கு வேறு செட்டு பேசிவிட்டதாக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மாமாவின் கால்கள் வந்து நின்றன.

"வெளிய வாடா. அடிக்க மாட்டேன். எப்பிடிடா கண்டுபுடிச்ச?"

பேட்டரி கதையைச் சொன்னேன். முதுகில் விழவேண்டிய கை என் தலையில் வந்து நின்றது. மாமாவின் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அங்கே வேறு ஏதோ இருந்தது. கிட்டத்தட்ட சந்தோஷம் மாதிரி.

"எத்தினி கல்யாணம், எத்தினி சாவு. உனக்கு முன்னாடி ஒரே ஒரு ஆளுதான்டா கண்டுபுடிச்சிருக்கு."

"யாரு மாமா?"

மாமா கிளாரினெட்டை நீட்டிச் சுவரில் இருந்த கல்யாண போட்டோவைக் காட்டினார். நான் கிட்டே போய் உற்றுப் பார்த்தேன். வாசித்தவர் மாமா, அவரை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது அப்பாதான். குக்கர் விசில் கூடக் காதில் விழாத அப்பாவா என்று நம்ப முடியாமல் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவை நான் யோசிக்கவே இல்லை. அப்படி அழுதுகொண்டிருக்கிறவளுக்குப் பாட்டு எங்கே காதில் விழுந்திருக்கும்?