கும்பகர்ணனின் இடது கை

எங்கள் கண்ணாடி பாட்டில் ஆலையில் 'பெரிய புள்ளி' என்றால் முதலாளி இல்லை. என் பக்கத்து மேஜை அக்கா. புள்ளியியல் படித்தவர், ஆளும் உயரம், பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் போட்ட கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை ஷிப்ட் மாறுவதால் உலைக்காரர்கள் கண் செருக வேலை பார்த்தார்கள். இரவு ஷிப்டை மாதத்தில் ஒரே கட்டாகப் போட்டால் தூக்கம் தேறுமா என்று பார்க்கும் வேலை அக்காவிடம் வந்தது. ஆளுக்கொரு பட்டையை மணிக்கட்டில் கட்டிவிட்டார். கை அசையாத நேரத்தையெல்லாம் தூக்கம் என்று எழுதிக்கொள்ளும் பட்டை.

பழைய ஷிப்டில் எடுத்த முதல் அளவில் ஆலைக்கே முதலிடம் அக்காவின் வீட்டுக்காரருக்கு. அவரும் உலைக்காரர்தான். அன்றோடு அவர் பெயர் கும்பகர்ணன் ஆனது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். உங்கள் வீட்டுக்காரரே இப்படித் தூங்கும்போது ஷிப்டை எதற்கு மாற்றுவது என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தூங்கி வழிவது அக்காவுக்குத்தானே தெரியும். உலையருகே ஒருநாள் அவருக்குக் கால் தடுக்கிவிடுமோ என்று அக்காவுக்குப் பயம்.

ஒரு மத்தியானம் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க அக்கா வீட்டுக்குப் போனார். இரவு ஷிப்ட் முடித்து வந்த கும்பகர்ணன் மல்லாந்து படுத்திருந்தார். பட்டை கட்டிய இடது கையில் தலை வைத்து மூன்று வயது மகள் அயர்ந்து தூங்கினாள். அப்பனின் கண்கள் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தன.

"ஏங்க, தூங்கலையா?"

"சத்தம் போடாத. கையை அசைச்சா பாப்பா எழுந்துடுவா."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்ததாம்.

மறுநாளிலிருந்து, தூங்கி எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கிறதென்று எல்லோரையும் பத்துக்கு மார்க் போடச் சொன்னார். மொத்தச் சராசரியை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொருவர் பட்டையையும் அவரவர் மார்க்கோடு பொருத்திப் பார்த்தார். நன்றாகத் தூங்கியதாகப் பட்டை காட்டியவர்களில் பாதிப் பேரின் மார்க் மூன்றைத் தாண்டவில்லை. தூக்கம் வராமல் கட்டையாகக் கிடந்தவர்கள் அவர்கள். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே புது ஷிப்டுக்குத் தலையாட்டினார்.

இரவு ஷிப்ட் எப்போது என்று முன்பே தெரிந்ததால் வீட்டிலும் ஏற்பாடு செய்ய முடிந்தது. அந்த நாட்களில் பகலெல்லாம் பாப்பா அத்தை வீட்டில்.

அடுத்த அளவு வந்ததும் மேனேஜர் தாளோடு எங்கள் மேஜைக்கே வந்துவிட்டார். பட்டைக் கணக்கில் கும்பகர்ணன் கடைசி. அவரே போட்ட மார்க் மட்டும் ஒன்பது.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரர் இப்படி விழுந்துட்டாரு?"

அக்கா முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"ஆமா சார். உருண்டு புரண்டு தூங்குறாரு. ரெண்டு தடவை கட்டில்லேருந்தே விழுந்துட்டாரு."