அத்தான் பார்க்காத முகம்

என் அக்கா புருஷனைப் போல ஒரு ரசனைக்காரரைப் பார்க்க முடியாது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

தொழில் போட்டோ ஸ்டூடியோ. அதற்கு முன் கிடார் கற்றுக்கொடுத்தார், புறா வளர்த்தார், வண்ண மீன் விற்றார். எதுவும் இரண்டு வருஷம் தாண்டாது. "அலுத்துப்போச்சு" என்பார், மறுநாள் வேறொன்று. ஆனாலும் ஆளைக் கோபிக்க மனம் வராது. அவர் வாய் திறந்தால் அழுகிற குழந்தைகூடச் சிரித்துவிடும். வீட்டில் கசங்கிய திரைச்சீலை தொங்கக் கூடாது, விளிம்பு உடைந்த கோப்பையில் டீ வரக் கூடாது. சொந்தத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால், "அந்த வாசனை எனக்கு ஒத்துக்காது" என்று நழுவிவிடுவார். எல்லா இடத்துக்கும் அக்காதான் போய் நின்றாள். இருபத்திரண்டு வருஷம் அவர் ரசித்தார், அவள் சுமந்தாள்.

அவளுக்குத் தாடையில் புற்று வந்தது. இடது பக்கத்து எலும்பை எடுத்துவிட்டுத் தொடைத் தசையை வைத்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தாள், அந்தப் பக்கத்து முகம் பிழைக்கவில்லை. பேச்சு குழறியது. மூக்கில் குழாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெரிய சிரிஞ்சில் பால் ஊற்றி, பின்னாலேயே தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஆறு வாரம் நான் செய்தேன். அத்தான் முன் அறையிலேயே படுத்துக்கொண்டார். கதவோரம் நின்று, சுவரைப் பார்த்து, "எப்படி இருக்கே?" என்று கேட்பார். அவர் போன பிறகும் அக்காவின் கண் அந்தக் கதவை விட்டு நகராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் விடுப்பு தீர்ந்தது. நான் வேலை பார்க்கும் துணி பேக்கிங் கம்பெனியின் சூப்பர்வைசர், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். ஞாயிறு சாயங்காலம் அத்தான் முன்னால் போய் நின்றேன்.

"அத்தான், நாளையிலேர்ந்து நீங்கதான் அவளுக்குப் பால் ஊத்தணும்."

"ஒரு நர்ஸ் வெச்சுக்கலாமே."

"அவ நர்ஸையா கட்டிக்கிட்டா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "கண்ணை மூடினா அவளோட பழைய முகம் வருது. இதைப் பார்த்தா அது போயிடுமோன்னு பயமா இருக்கு."

"பழைய முகத்துக்குப் பசிக்காது அத்தான். இதுக்குப் பசிக்கும். முடியாதுன்னா எங்கேயாவது போயிடுங்க, அவளும் கதவைப் பார்க்கறதை விட்டுடுவா."

அழுதார். "செய்யறேன்" என்றார்.

திங்கள் மதியம் போன் வந்தது: "இருநூறு மில்லி இறங்கிடுச்சு!" செவ்வாயும் வந்தது, புதனும் வந்தது. கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அவரை இத்தனை வருஷம் கரித்துக்கொட்டியது தப்பு என்றுகூடத் தோன்றியது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

வியாழக்கிழமை கரண்ட் போய்க் கம்பெனியைப் பாதியில் விட்டார்கள். நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, துளி சிந்தாமல், நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தலை வாரிவிட்டிருந்தார். ஏதோ வேடிக்கைகூடப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி கழுத்து வரை, முகத்தில் ஒரு வெள்ளைத் துண்டு மடித்துப் போட்டிருந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்ன அத்தான் இது? மூடி வெச்சுட்டுத்தான் ஊத்துவீங்களா?"

"ஊத்தறேன்ல? ஒரு வேளை தவறல."

"பார்த்து ஊத்துங்க. இல்லேன்னா எழுந்து போங்க!"

அவர் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

நான் துண்டை இழுக்கக் கை நீட்டினேன். அக்கா இரண்டு கையாலும் அதை முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி," என்று குழறினாள். "அவர் போயிடுவாரு."